ஊரில் கீழே, நகரில் மேலே: நியூயார்க்கின் ஹைட்டி மக்கள்

நியூயார்க் போல உலகத்து இனங்களெல்லாம் நெருக்கியடித்து வாழும் நகரத்தில் ஹைட்டி மக்களின் பண்பாடு கரைந்து போகாமல் எப்படி நிற்கிறது, அமெரிக்கக் கறுப்பின மக்களோடும் ஜமைக்கா, டிரினிடாட் போன்ற மற்ற கரீபிய மக்களோடும் அவர்கள் ஏன் கலந்துவிடவில்லை என்பது கேள்வி. "ஊரிலிருந்து கொண்டுவந்ததைக் கட்டிக் காப்பாற்றினார்கள்" என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் பதில். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹைட்டியில் மேல்தட்டு மக்கள் முகம் சுளித்த பல விஷயங்கள்தான் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஹைட்டியின் அடையாளமாகக் கொடியேறியிருக்கின்றன. மொழி, இசை, வழிபாடு மூன்றிலுமே இப்படித்தான் நடந்திருக்கிறது. இது காப்பாற்றல் அல்ல, வரிசையையே மாற்றி அடுக்கியது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வந்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். 1957-இல் ஃபிரான்சுவா டுவாலியே ஹைட்டியின் அதிபரானார். 1964-இல் தன்னை ஆயுட்கால அதிபராக அறிவித்துக்கொண்டார். அவருடைய டோன்டோன் மக்கூட் படையின் கொடுமைக்குப் பயந்து முதலில் கிளம்பியவர்கள் அரசியல்வாதிகள், டாக்டர்கள், வக்கீல்கள், ஆசிரியர்கள். மன்ஹாட்டனின் மேற்குப் பகுதியிலும் பிறகு குயின்ஸிலும் குடியேறிய இவர்கள் பிரெஞ்சு பேசினார்கள். சர்வாதிகாரி விழுந்ததும் ஊர் திரும்பிவிடலாம் என்று பெட்டியைப் பிரிக்காமலே காத்திருந்தார்கள். சர்வாதிகாரி 1971-இல் இறந்தார். மகன் ஜான் குளோட் அந்த நாற்காலியில் ஏறி 1986 பிப்ரவரி வரை உட்கார்ந்திருந்தார். இதற்கிடையே 1965-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் கதவைத் திறந்துவிட, தையல்காரர்களும் தொழிற்சாலைத் தொழிலாளர்களும் வீட்டு வேலைக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். புரூக்ளினின் கிரவுன் ஹைட்ஸ், ஃப்ளாட்புஷ், கிழக்கு ஃப்ளாட்புஷ் பகுதிகள் நிரம்பியது அப்படித்தான். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரத்தில் ஹைட்டியில் பிறந்தவர்கள் மட்டும் 90,000-க்கும் மேல் இருந்தார்கள். அவர்களில் பெரும்பகுதி புரூக்ளினில்.

இங்கே வந்ததும் பழைய அடுக்கு குலைந்தது. ஹைட்டியின் தலைநகரான போர்ட்டோ பிரின்சில் வேலைக்காரி வைத்திருந்த அம்மாள் நியூயார்க்கில் முதியோரைக் கவனிக்கும் வேலைக்குப் போனார். அவர் வீட்டில் வேலை செய்திருக்கக்கூடிய பெண்ணும் அதே வேலைக்கு அதே பஸ்ஸில் போனார். அமெரிக்க வெள்ளையர் கண்ணுக்கு இருவரும் ஒன்றுதான்: உச்சரிப்புப் புரியாத இரண்டு கறுப்புப் பெண்கள்.

மொழியில் இது எப்படி வெளிப்பட்டது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஹைட்டியில் எல்லோருடைய தாய்மொழியும் கிரியோல். பிரெஞ்சைச் சரளமாகப் பேசுபவர்கள் சிறுபான்மையினர். ஆனாலும் பள்ளிக்கூடம், நீதிமன்றம், அரசு அலுவலகம் எல்லாம் பிரெஞ்சில்தான் நடந்தன. கிரியோல் பேசிய பிள்ளைக்குப் பள்ளியில் அடி விழுந்த காலம் உண்டு. 1987-ஆம் ஆண்டின் அரசியல் சட்டம்தான் கிரியோலைப் பிரெஞ்சோடு சமமான ஆட்சிமொழியாக்கியது. நியூயார்க்கில் இந்த வேலை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ரேமோன் ஜோசப் என்பவர் 1960-லேயே புதிய ஏற்பாட்டைக் கிரியோலில் மொழிபெயர்த்திருந்தார். 1960களின் நடுவில் அவரும் நண்பர்களும் நியூயார்க்கிலிருந்து சிற்றலை வானொலி வழியாகத் தினமும் காலையில் கிரியோலில் டுவாலியேயைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஹைட்டியில் மக்கள் கதவைச் சாத்திக்கொண்டு கேட்ட அந்த ஒலிபரப்புக்கு "ஆறு மணிப் பூசை" என்றே பெயர் வந்துவிட்டது. அதே ஜோசப்பும் அவருடைய சகோதரரும் 1971-இல் நியூயார்க்கில் தொடங்கிய ஹைட்டி ஒப்சர்வத்தர் என்ற வாரப் பத்திரிகை பெரும்பாலும் பிரெஞ்சில் வந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். காதுக்குக் கிரியோல், கண்ணுக்குப் பிரெஞ்சு. அந்தப் பழக்கம் லேசில் போகவில்லை.

பள்ளிகளில் இருமொழி வகுப்புகள் வந்தபோது எதிர்ப்பு எழுந்தது வெள்ளையரிடமிருந்து மட்டுமல்ல, ஹைட்டிப் பெற்றோரிடமிருந்தும்தான். "வீட்டில் பேசுவதைப் பள்ளியில் எதற்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள், பிரெஞ்சு கற்றுக்கொடுங்கள்" என்பது அவர்கள் வாதம். அதில் ஏமாந்தவர்களின் நியாயம் ஒன்று இருந்தது. தங்களுக்கு ஊரில் மறுக்கப்பட்ட ஏணி பிரெஞ்சு. அது பிள்ளைக்காவது கிடைக்கட்டுமே என்ற ஆசை. ஆனால் நியூயார்க்கில் அந்த ஏணி எங்கும் போகவில்லை. இங்கே மேலே போக ஆங்கிலம் வேண்டும். ஒன்றுசேர்ந்து குரல் கொடுக்கக் கிரியோல் வேண்டும். பிரெஞ்சுக்கு இடையில் வேலையில்லாமல் போய்விட்டது. 2008-இல் நகர நிர்வாகம் தன் சேவைகளை வழங்க வேண்டிய ஆறு மொழிகளை அறிவித்தபோது ஸ்பானிஷ், சீனம், ரஷ்யன், கொரியன், இத்தாலியன் ஆகியவற்றோடு ஹைட்டிக் கிரியோலும் இடம்பெற்றது. பிரெஞ்சு அந்தப் பட்டியலில் இல்லை. 2017-இல் பட்டியல் பத்தாக நீண்டபோதுதான் அது சேர்ந்தது. எந்த மொழிக்கு அடி விழுந்ததோ அந்த மொழி நகராட்சி அறிவிப்பில் ஒன்பது ஆண்டுகள் முந்தி இடம் பிடித்தது.

வானொலி இல்லாமல் இந்தக் கதையே இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வானொலியில் 1969 முதல் ஒரு ஹைட்டி நிகழ்ச்சி நடந்துவந்தது. பிறகு வந்த நிலையங்கள் பல, சாதாரண ரேடியோவில் கிடைக்காத துணை அலைவரிசையில் ஒலிபரப்பின. அதைக் கேட்பதற்கென்றே தனி ரேடியோப் பெட்டி வாங்கி அடுக்களையில் வைத்துக்கொண்டார்கள். இறப்பு அறிவிப்பு, குடியுரிமைச் சட்ட ஆலோசனை, போர்ட்டோ பிரின்சின் அரசியல் வம்பு, சாமான் அனுப்பும் கம்பெனி விளம்பரம் எல்லாம் ஒரே மூச்சில் வரும். ஃப்ளாட்புஷில் உரிமமில்லாமல் ஓடிய திருட்டு வானொலி நிலையங்களிலும் ஹைட்டியர்களுடையவை கணிசம். எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியும் விவாதத்தில் போன் போட்டுக் கலந்துகொள்ள முடிந்ததால்தான் இந்தச் சமூகத்தைச் சில மணி நேரத்தில் தெருவுக்குக் கொண்டுவர முடிந்தது.

தெருவுக்கு வரவேண்டிய காரணங்களும் குறைவில்லாமல் கிடைத்தன. 1980களின் தொடக்கத்தில் எய்ட்ஸ் பரவியபோது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆபத்துக்குரிய குழுக்களில் ஒன்றாக ஹைட்டியர்களைச் சேர்த்தது. ஓரினச் சேர்க்கையாளர்கள், ஹெராயின் ஊசி போடுபவர்கள், ரத்தம் உறையாமை நோயாளிகள், அவர்களோடு ஹைட்டியர்கள். மற்ற மூன்றும் ஒரு நடத்தையையோ நோயையோ குறித்தன. நான்காவது ஒரு நாட்டின் பெயர். 1985-இல் அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள், ஆனால் அதற்குள் ஆட்கள் வேலை இழந்திருந்தார்கள், வீடு கிடைக்காமல் அலைந்திருந்தார்கள். பள்ளியில் பிள்ளைகள் தங்களை ஜமைக்காக்காரர் என்றோ மார்த்தினிக்காரர் என்றோ சொல்லிக்கொண்டு தப்பித்தார்கள். ஒரு தலைமுறையே தன் ஊர்ப் பெயரை வாய்க்குள் வைத்துக்கொண்டு வளர்ந்தது.

1990 பிப்ரவரியில் உணவு, மருந்து நிர்வாகம் இன்னொரு படி மேலே போய், ஹைட்டியர்கள் யாருமே ரத்த தானம் செய்யக் கூடாது என்று பரிந்துரைத்தது. ஏப்ரல் 20 அன்று புரூக்ளின் பாலத்தின் மேல் ஒரு கூட்டம் நடந்து மன்ஹாட்டனுக்குள் நுழைந்தது. 50,000-க்கும் மேல் என்றார்கள். ஒரு லட்சம் வரை மதிப்பிட்டவர்களும் உண்டு. டாக்டர், டாக்சி டிரைவர், ஆஸ்பத்திரி ஊழியர், கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே, வோடு என்ற ஹைட்டி நாட்டுப்புற வழிபாட்டின் பூசாரி என்று ஊரில் ஒரே வரிசையில் ஒருபோதும் நிற்காதவர்கள் அன்று ஒன்றாக நடந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் தடை விலக்கப்பட்டது. நியூயார்க் ஹைட்டிச் சமூகத்தின் பிறந்தநாளைக் கேட்டால் நான் இந்தத் தேதியைத்தான் சொல்வேன்.

1997 ஆகஸ்ட் 9 அன்று விடியற்காலையில் ஃப்ளாட்புஷ் அவென்யூவில் கோம்பா என்ற ஹைட்டி நடன இசைக்குழு வாசித்த ஒரு கிளப் வாசலில் கைகலப்பு. அங்கே பிடிபட்ட ஆப்னர் லூயிமா என்ற இளைஞரைக் காவல் நிலையக் கழிப்பறையில் போலீஸ்காரர் உடைந்த கட்டையால் செய்த சித்திரவதையை இங்கே விவரிக்க வேண்டாம். ஆகஸ்ட் 29 அன்று மறுபடி அதே பாலம், மறுபடி ஆயிரக்கணக்கில் கூட்டம். கழிப்பறை அடைப்பெடுக்கும் கருவியைக் கையில் தூக்கிக்கொண்டு நகர மண்டபத்தின் முன்னால் ஆட்டினார்கள். குற்றவாளிப் போலீஸ்காரருக்கு 30 ஆண்டு சிறை. நகராட்சியும் போலீஸ் சங்கமும் சேர்ந்து 87.5 லட்சம் டாலர் இழப்பீடு தந்தன. இந்த முறை ஊர்வலத்தில் அமெரிக்கக் கறுப்பின மக்களும் மற்ற கரீபியர்களும் திரளாக இருந்தார்கள். "கலந்துவிட்டார்களா" என்ற கேள்விக்கு ஒரு பாதிப் பதில் இதில் இருக்கிறது: போலீஸ் தடி யாரிடமும் எந்தத் தீவு என்று கேட்பதில்லை என்பது புரிந்தபோது அரசியலில் கலந்தார்கள். வீட்டுக்குள் கலக்கவில்லை.

இசைக்கு வருகிறேன். 1955-இல் நெமூர் ஜான் பட்டீஸ்த் உருவாக்கிய கோம்பா, ஜோடியாக ஆடுவதற்கான நாகரிகமான நடன இசை. தாபு கோம்போ போன்ற குழுக்கள் 1970களில் நியூயார்க்குக்கே இடம் மாறின. அது எங்கும் மதிப்போடுதான் இருந்தது. ராரா அப்படியல்ல. தவக்காலத்திலிருந்து ஈஸ்டர் வரை கிராமப்புற ஏழைகள் ஊர்வலமாகப் போய் வாசிக்கும் தெரு இசை அது. வோடு வழிபாட்டோடு ஒட்டியது, ஆபாசப் பாட்டும் உண்டு, வழியில் நிற்கும் பணக்காரனையும் போலீஸ்காரனையும் வைத்துக் கிண்டலும் உண்டு. நகரத்துக் கனவான்கள் ஜன்னலை மூடிக்கொள்வார்கள்.

1990களின் தொடக்கம் முதல் இந்த ராரா புரூக்ளினின் பிராஸ்பெக்ட் பார்க்கில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒலிக்கத் தொடங்கியது. நியூயார்க்கின் தவக்காலத்தில் வெளியே நின்றால் விரல் விறைத்துப்போகும், ஆகவே பருவம் கோடைக்கு நகர்ந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் அதன் நுட்பம் தெரியும். வக்சின் என்ற மூங்கில் குழல்தான் உயிர். ஒரு குழலில் ஒரே ஒரு சுரம்தான் வரும். நான்கைந்து பேர் வெவ்வேறு நீளக் குழல்களை வைத்துக்கொண்டு, தன் முறை வரும் கணத்தில் மட்டும் ஊதுவார்கள். ஊதிக்கொண்டே குச்சியால் குழலின் பக்கத்தில் தட்டித் தாளமும் போடுவார்கள். யார் வாசிப்பிலும் மெட்டு கிடையாது; கூட்டத்துக்கு மட்டும்தான் மெட்டு உண்டு. ஒருவர் வராவிட்டால் பாட்டில் ஓட்டை விழும். மூங்கில் கிடைக்காதபோது பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயை அறுத்து ஊதுகிறார்கள், காதுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. ஊரில் ராராவை எட்டிக்கூடப் பார்த்திராத நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகள் இங்கே குழல் ஊதக் கற்றுக்கொண்டார்கள். எய்ட்ஸ் காலத்தில் ஊர்ப் பெயரை மறைத்து வளர்ந்தவர்கள்தான் பூங்காவில் நிமிர்ந்து ஊதினார்கள் என்பது தற்செயல் அல்ல. 1997 கிராமி விழாவில் ஃபியூஜீஸ் என்ற ஹிப்ஹாப் குழுவின் ஹைட்டியில் பிறந்த பாடகர் வைக்ளிஃப் ஜான் ஹைட்டிக் கொடியோடு தோன்றியபோது அதே வயதுப் பிள்ளைகள் எப்படிக் கொண்டாடியிருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வோடு பற்றிக் கேட்காமல் யாரும் விடுவதில்லை. ஹாலிவுட் காட்டும் ஊசி குத்திய பொம்மைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. லுவா எனப்படும் தெய்வங்களை அழைத்து, உணவிட்டு, சாமி வந்தவரிடம் குறை கேட்கும் குடும்ப வழிபாடு அது. புரூக்ளினில் அது வீட்டின் அடித்தளத்துக்குள் நடக்கிறது. மேளம் எத்தனை மணிவரை தட்டலாம் என்பது பக்கத்து வீட்டுக்காரரின் பொறுமையைப் பொறுத்தது. ஆனால் ஆண்டுக்கு ஒருநாள் அது பட்டப்பகலில் வெளியே வருகிறது. ஹைட்டியில் ஜூலை 16 அன்று சோடோ என்ற நீர்வீழ்ச்சிக்கு யாத்திரை போவார்கள். கார்மேல் மாதாவும் எசிலி தெய்வமும் அங்கே ஒரே இடத்தில் வணங்கப்படுகிறார்கள். நியூயார்க்கில் அருவி இல்லை. கிழக்கு ஹார்லெமின் 115-ஆம் தெருவில் இத்தாலியக் குடியேறிகள் 1884-இல் எழுப்பிய கார்மேல் மாதா கோயில் இருக்கிறது. அங்கே இத்தாலியர்கள் குறைந்துபோன காலத்தில் ஹைட்டியர்கள் நீலமும் சிவப்பும் உடுத்திக் கூட்டம் கூட்டமாக வந்து திருவிழாவைத் தாங்கிப் பிடித்தார்கள். பாதிரியாருக்கு அது மாதா. வந்தவர்களில் பலருக்கு மாதாவும்தான், எசிலியும்தான். இரண்டு தரப்பும் இதைப் பற்றி அதிகம் பேசிக்கொள்வதில்லை, அதனால் நன்றாகவே நடக்கிறது. பாப்டிஸ்டு, அட்வென்டிஸ்டு சபைகளைச் சேர்ந்த ஹைட்டியர்கள் ஏராளம். அவர்களுக்கு வோடும் ராராவும் பிசாசின் வேலை. ஹைட்டிப் பண்பாடு என்று ஒரே குரலில் யாராவது பேசினால் இந்தச் சபைக்காரர்களை மறந்துவிட்டார்கள் என்று பொருள்.

சாப்பாட்டில் இந்தச் சண்டை எதுவும் கிடையாது. ஜனவரி 1 அன்று எல்லா வீட்டிலும் சூப் ஜூமூ. 1804-ஆம் ஆண்டு அதே நாளில் பிரெஞ்சு ஆட்சியை வீழ்த்தி ஹைட்டி விடுதலை பெற்றது. உலகத்தில் அடிமைகளே எழுந்து போரிட்டு உருவாக்கிய நாடு அது ஒன்றுதான். தாங்கள் சமைத்துக்கொடுத்த பூசணிச் சூப்பைத் தொடக்கூட அனுமதியில்லாதவர்கள் விடுதலை நாளில் அதைக் குடித்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. டிசம்பர் 31 இரவே வேலை ஆரம்பம். மாட்டிறைச்சியை எலுமிச்சையால் கழுவி, வெங்காயத்தாள், பூண்டு, பார்ஸ்லி, தைம், மிளகாய் அரைத்த எப்பீஸ் என்ற பச்சை விழுதில் ஊறவைப்பார்கள். காலையில் பூசணியை வேகவைத்து மசித்து ஊற்றி, முட்டைக்கோஸ், டர்னிப், கேரட், உருளை, கடைசியில் பாஸ்தா. முழு மிளகாய் ஒன்றை உடையாமல் மேலே மிதக்கவிடுவது கைப்பக்குவம். அது வெடித்துவிட்டால் அந்த வீட்டுக்கு வருஷம் முழுக்கக் கேலி. யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு கிண்ணம் குடித்தாக வேண்டும், மத்தியானத்துக்குள் நாலைந்து கிண்ணம் ஆகிவிடும். 2021 டிசம்பரில் யுனெஸ்கோ இதை மரபுச் சொத்தாக அங்கீகரித்தது. ஹைட்டிக்கு அந்தப் பட்டியலில் கிடைத்த முதல் இடம் இந்தச் சூப்புக்குத்தான்.

பணத்தைப் பற்றி ஒன்று. வங்கியில் கால்வைக்கத் தயங்கியவர்கள் வீட்டுக்கு முன்பணமும் கடைக்கு முதலும் சேர்த்தது சோல் என்ற ஏற்பாட்டில். நம் ஊர்ச் சீட்டுதான், ஏலமும் தள்ளுபடியும் கிடையாது: பத்துப் பேர் மாதாமாதம் போட, முறைவைத்து ஒருவர் மொத்தத்தையும் எடுப்பார். காகிதம் எதுவும் இல்லை. ஏமாற்றியவர் பெயர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவதற்குள் ஃப்ளாட்புஷ் முழுக்கத் தெரிந்துவிடும் என்பதே உத்தரவாதம்.

2018-இல் நகரம் ஃப்ளாட்புஷின் ஒரு பகுதியை லிட்டில் ஹைட்டி என்று அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அதே வட்டாரம் லிட்டில் கரீபியன் என்று பெயர் பெற்றிருந்தது. கரீபியர் எல்லோருக்கும் சேர்ந்து ஒரு பெயர் போதாதா என்று மற்றத் தீவுக்காரர்கள் கேட்டார்கள். ஹைட்டியர்கள் போதாது என்றார்கள். ராஜர்ஸ் அவென்யூவுக்கு ஹைட்டி விடுதலைப் போரின் தளபதி ஜான் ஜாக் தெசாலின் பெயரைச் சேர்க்க முனைந்தபோது நகர மன்றத்தில் முணுமுணுப்பு எழுந்தது, 1804-இல் வெள்ளையரைக் கொல்ல உத்தரவிட்டவர் அவர் என்பதால். அடிமைகளை வைத்திருந்தவர்கள் பெயரில் இந்த நகரத்தில் எத்தனை தெருக்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள் என்பது பதிலாக வந்தது. பெயர் நிலைத்தது. எனக்கு அது சரியாகவே படுகிறது. நியூயார்க் மேட்டுக்குடிக்கு எப்போதும் பிடித்த ஹைட்டியர் வேறொருவர்: 1787-இல் அடிமையாக இங்கே கொண்டுவரப்பட்டு, பணக்காரப் பெண்களுக்குக் கூந்தல் அலங்காரம் செய்து சம்பாதித்து, நொடித்துப்போன தன் எஜமானியையே காப்பாற்றிய பியர் தூசாங். 1990-இல் அவருடைய எலும்புகள் ஐந்தாம் அவென்யூவின் செயின்ட் பேட்ரிக் பேராலயத்துக்கு மாற்றப்பட்டன. அவர் நல்ல மனிதர், சந்தேகமில்லை. ஆனால் ஃப்ளாட்புஷ்காரர்கள் தெருவுக்குத் தேர்ந்தெடுத்தது வாளெடுத்தவரை.

இப்போது நிலைமை அவ்வளவு உற்சாகமாக இல்லை. வாடகை ஏற ஏறக் குடும்பங்கள் கனார்சிக்கும் லாங் ஐலண்டுக்கும் ஃபுளோரிடாவுக்கும் நகர்கின்றன. 2010 ஜனவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு வழங்கப்பட்ட, நாடு கடத்தாமல் தங்கவிடும் தற்காலிகப் பாதுகாப்பில் வாழ்பவர்கள், அது நீளுமா நிற்குமா என்று ஒவ்வொரு அதிபரின் காலத்திலும் நீதிமன்றத்தைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் கிரியோல் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். பேரப்பிள்ளைகளுக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதில் நான் பெரிய நம்பிக்கை வைக்கவில்லை. சூப்பும் கொடியும் நிச்சயம் மிஞ்சும்.

நேரில் பார்க்க விரும்புபவர்கள் இரண்டாம் எண் ரயிலில் நியூகர்க் அவென்யூ – லிட்டில் ஹைட்டி நிலையத்தில் இறங்கலாம். 2021-இல்தான் நிலையத்துக்கு இந்தப் பெயர் சேர்ந்தது. பேக்கரியில் பாத்தே கேளுங்கள்: பல அடுக்காக உதிரும் பஃப், உள்ளே மாட்டிறைச்சியோ உப்புக் கருவாடோ இருக்கும். மஞ்சள் மாவில் செய்த ஜமைக்கா பேட்டியோடு ஒப்பிட்டுப் பேசினால் கடைக்காரர் முகம் மாறும். சாப்பாட்டுக் கடையில் கிரியோ, அதாவது புளிப்பு ஆரஞ்சில் ஊறி வெந்து பிறகு பொரித்த பன்றி இறைச்சி, கூடவே தட்டிப் பொரித்த வாழைக்காய். பிக்லீஸ் என்ற முட்டைக்கோஸ் ஊறுகாய் காரத்தில் நமக்குச் சளைத்ததல்ல, முதலில் கொஞ்சமாகப் போட்டுக்கொள்வது நல்லது. ஜோன்ஜோன் காளான் ஊறிய தண்ணீரில் வெந்த கறுப்புச் சோறு கிடைத்தால் விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் பல கடைகளில் சூப்பும் இருக்கும், ஆனால் காலையிலேயே போக வேண்டும்.